வெறுங்கையோடு போகலாம், குறிப்பு நோட்டு இல்லாமல் போகாதீர்கள்: கடும் வறுமை ஒழிப்புத் தொண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் கை பரபரக்கும். அரிசி, போர்வை, நோட்டுப் புத்தகம் என்று எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் போலிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் மழைக்காலத்தில் வண்டி நிறைய அரிசிப் பைகளை ஏற்றிக்கொண்டு போனேன். பத்து கிலோ பையை வாங்கிக்கொண்ட ஒரு ஆயா, "இது நல்லாருக்கு கண்ணு. கடையில குடுக்கற அரிசி எனக்கு ஆறு மாசமா வரல. அத யாராச்சும் கேட்டா தேவல" என்றார். அவர் கையில் இருந்தது மிகவும் ஏழைகளுக்குத் தரும் அந்தியோதயா ரேஷன் அட்டை. மாதம் 35 கிலோ அரிசி விலையில்லாமல் வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. நான் கொடுத்தது ஒரே ஒரு முறை பத்து கிலோ. அவருக்கு வராமல் போனது 210 கிலோ.

இந்த வேலையில் பாதி அந்தக் கணக்கைப் போடத் தெரிவதுதான். அரிசி ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பது, அதே காரணத்தால் இன்னும் எத்தனை பேருக்கு வரவில்லை என்று எண்ணுவது, அந்த எண்ணை எடுத்துக்கொண்டு முடிவெடுக்கிறவர்களிடம் போய் உட்காருவது, இதெல்லாம் மீதிப் பாதி. அதற்கு அலுவலகத்தில் அட்வகசி என்று பெயர். பத்திரிகைகள் லாபி என்று எழுதும். ஊரில் 'மேல பேசறது' என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதை எப்படிச் செய்வது என்று நான் பழகிக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. சேர்ந்த நிறுவனத்தை முதலில் விசாரியுங்கள்

இதற்கு அரை நாள் போதும். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் நிறுவனத்தின் பதிவு எண் இருக்கிறதா, வருமான வரி விலக்குப் பதிவுகள் (12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகியவை) நடப்பில் இருக்கின்றனவா, தணிக்கை செய்த கணக்கைக் கேட்டால் காட்டுகிறார்களா, பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கைக் கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு இடம் தேடிக்கொள்வது நல்லது.

வெளிநாட்டு நிதி வாங்கும் நிறுவனம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு கட்டாயம். 2020ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பெரிய நிறுவனங்களை நம்பி ஊருக்குள் வேலை செய்துவந்த சின்ன அமைப்புகள் பல இதில் திணறின. உங்கள் அலுவலகத்தில் 'மேலே பேசுவதற்கு' ஒரே ஒரு ஆள் இருந்து, அவரே கணக்கும் எழுதிக்கொண்டிருந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அப்புறம் ஒன்று: எந்தக் கட்சிக்காரரிடமும் போய்ப் பேசலாம், ஆனால் எந்தக் கட்சிக்கும் வாக்கு கேட்கக் கூடாது. தேர்தல் நேரத்தில் நிறுவனத்தின் வண்டியை யாருக்கும் இரவல் தராதீர்கள்.

2. கடும் வறுமை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலக வங்கி ஒரு கோடு வைத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 2.15 டாலர் என்று இருந்ததை 2025 ஜூனில் 3 டாலராக உயர்த்தியது. அந்தந்த நாட்டு விலைவாசிக்குச் சரிக்கட்டிய டாலர் அது. வங்கியில் மாற்றும் டாலர் கணக்கில் அதை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காதீர்கள். நிதி ஆயோக்கின் கணக்கு வேறு மாதிரி. வருமானத்தை விட்டுவிட்டு ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள் போன்றவற்றில் எதெல்லாம் இல்லை என்று பார்க்கும். 2019-21 ஆய்வின்படி அந்தக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம்.

கேட்கச் சின்ன எண்தான். ஆனால் இந்த 2.2 தான் நம் வேலை. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழக அரசு இதே எண்ணைச் சொல்லிவிட்டு, மிகவும் ஏழைகளான ஐந்து லட்சம் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் வறுமையிலிருந்து மீட்க முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் என்று அறிவித்தது. 2025 ஆகஸ்டில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டமும் தாயுமானவர் என்ற பெயரிலேயே தொடங்கியது. எனவே அலுவலகத்தில் யாராவது "தாயுமானவர்ல சேர்த்தாச்சு" என்றால், எந்தத் தாயுமானவர் என்று கேளுங்கள்.

ஊருக்குள் போனால் டாலரும் சதவீதமும் உதவாது. நான் பார்க்கும் அடையாளம் ஒன்றே ஒன்று: யாருக்கு ஊரில் கடன் கிடைக்காதோ அவர்தான் கடைசி ஆள். கடன்பட்டவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கந்துவட்டிக்காரர்கூட நம்பிக் கொடுக்காதவர் அவருக்கும் கீழே இருக்கிறார். மகளிர் குழுவிலும் அவர் இருக்க மாட்டார். "அவளால கட்ட முடியாது, நாமதான் சேர்த்துக் கட்டணும்" என்று மற்றவர்கள் சேர்த்திருக்க மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, அவர்களும் ஏழைகள்தானே. குழுவுக்கு உதவுவதையே ஏழைக்கு உதவுவது என்று எண்ணுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு.

3. ஊரைக் கோலப்பொடியில் வரையச் சொல்லுங்கள்

முதல் நாள் ஊராட்சித் தலைவரையும் செயலரையும் பார்த்து, யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால் சந்தேகம்தான் வரும். ஆனால் அங்கேயே டீ குடித்துவிட்டு, அவர் காட்டும் நான்கு வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஊர் வேறு, காலனி வேறு. ஊருக்குள் நீங்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தீர்கள் என்ற செய்தி உங்களுக்கு முன்னால் காலனிக்குப் போய்விடும். நான் முதல் கூட்டத்தைக் காலனியில்தான் போடுவேன், அதுவும் வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, ராத்திரி ஏழு மணிக்கு மேல். பகலில் போனால் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கலாமே தவிர, வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்களைப் பார்க்க முடியாது.

கூட்டத்தில் தரையில் வரைபடம் போடச் சொல்லுங்கள். தெரு, குழாய், கோயில், ஒவ்வொரு வீடும் கோலப்பொடியில் வர வேண்டும். பிறகு புளியங்கொட்டையைக் கொடுத்து, வருஷத்தில் எத்தனை மாதம் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடோ அத்தனை கொட்டையை வீட்டுக்கு வீடு வைக்கச் சொல்லுங்கள். இதற்கு மக்கள் நிலை ஆய்வு என்று பெயர். உலக வங்கி உதவியோடு 2005ல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில் கிராமம் கிராமமாக இப்படித்தான் மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம் என்று பட்டியலிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு முறை பழகியிருக்கும். உங்களைவிட வேகமாகப் போடுவார்கள்.

அப்படிப் போட்ட ஒரு படம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம் நடந்து, எல்லா வீடும் வந்துவிட்டது என்று எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார்கள். ஓரமாகக் குந்தியிருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சுடுகாட்டுப் பக்கம் ஒரு வீடு இருக்கே" என்றாள். பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர், "அது கணக்குல வராது சார், வெளியூர்லேர்ந்து வந்தவங்க" என்றார். அந்த வீட்டுக்குப் போனோம். இருளர் குடும்பம். இரண்டு பிள்ளைகள். ஆதார் ஒருவருக்கும் இல்லை. பதினோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த ஊரிலும் படம் முடிந்ததும், 'இதில் வராத வீடு எது' என்று ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

4. பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் காகிதங்களை வைக்க ஒரு பை இருக்கும். துணிக்கடை மஞ்சள் பை, சில வீடுகளில் பிஸ்கட் டப்பா. அதைத் தரையில் கொட்டிப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரேஷன் அட்டையின் வகை, ஆதாரிலும் அட்டையிலும் பெயரும் வயதும் ஒன்றாக இருக்கிறதா, வங்கிப் புத்தகத்தில் கடைசி வரவு எப்போது, சாதிச் சான்று, பட்டா, மாற்றுத்திறனாளி அட்டை, கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று. அத்தனையையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான தடங்கல்கள் அந்தப் பையிலேயே கிடைத்துவிடும். ஆதாரில் வயது 57 என்று தப்பாக ஏறியிருக்கும், ஆனால் ஆயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஆதாரைத் திருத்தாமல் முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டால் திரும்பி வரும். கணவர் இறந்ததைப் பதிவே செய்திருக்க மாட்டார்கள். 21 நாளுக்குள் என்றால் பதிவு சுலபம். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். இல்லாமல் விதவை உதவித்தொகை வராது. முதியோர் உதவித்தொகையைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் பழைய காரணம் 'மகன் இருக்கிறார்' என்பது. மகன் திருப்பூரில் இருக்கலாம், எங்கே இருக்கிறான் என்றே தெரியாமலும் இருக்கலாம். அப்படியானால் அதை மனுவிலேயே எழுத வேண்டும்.

பணத்தில் இது எவ்வளவு என்று பாருங்கள். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. ஒருவருக்கு அது கிடைக்கச் செய்தால் ஆண்டுக்கு 14,400 ரூபாய், அடுத்த ஆண்டும் வரும். அதே தொகையை நன்கொடையாகத் திரட்ட நாம் எத்தனை வீட்டுப் படி ஏற வேண்டும்!

இருளர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு முதல் வேலை சாதிச் சான்று. பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பரம்பரைக்கே சான்று இல்லாத வீட்டில், அப்பாவின் சான்றைக் கொண்டு வா என்பார்கள். பக்கத்து ஊரில் சான்று வாங்கிய உறவினர் எவராவது இருந்தால் அந்த நகலைச் சேர்த்து வையுங்கள், வேலை பாதியாகக் குறையும்.

ஒரு எச்சரிக்கை. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, அது தீரும்வரை வெளியே போகக் கூடாது என்ற நிலையில் ஒரு குடும்பத்தைப் பார்த்தால், நீங்களாக உள்ளே போய் 'மீட்கப்' பார்க்காதீர்கள். அது கொத்தடிமை முறை. 1976லேயே சட்டம் போட்டு ஒழித்த முறை. கோட்டாட்சியருக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், மூத்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை முடிந்து விடுதலைச் சான்று கையில் வரும்வரை குடும்பத்தை விட்டு நகராதீர்கள். அந்தச் சான்றும் உடனடி நிவாரணத் தொகையான 30,000 ரூபாயும் இல்லாமல் வெளியே வந்தவர்கள் வேறொரு சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். வேறென்ன செய்வார்கள்?

5. மனு: ஒரு தாள், ஒரு கோரிக்கை

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். வாசலில் போலீசார் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலை முகர்ந்தும் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு குடும்பமே, குழந்தைகள் இரண்டோடு, தீக்குளித்து இறந்தது. முன்பே மனு கொடுத்துப் பார்த்தவர்கள்தான் அவர்கள். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

மனுவை நீங்கள் எழுதலாம், கொடுப்பது அந்த ஆயாவாகத்தான் இருக்க வேண்டும். வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள் 'கண்ணீர் மல்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள். படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எங்கள் ஆயாவுக்கு எழுதியது இவ்வளவுதான்:

"பொருள்: அந்தியோதயா அட்டைக்கு ஆறு மாதமாக அரிசி வழங்காதது தொடர்பாக. ஐயா, மேற்கண்ட முகவரியில் தனியாக வசிக்கிறேன். வயது 74. சூளை வேலையில் விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை பதிவாகவில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை அரிசி கிடைக்கவில்லை. கருவிழிப் பதிவு மூலமாகவோ, நான் அனுப்பும் நபர் மூலமாகவோ மாதம் 35 கிலோ அரிசி கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

யார், எந்த உரிமை, எங்கே தடைபட்டது, எப்போதிலிருந்து, என்ன செய்தால் தீரும். இந்த ஐந்தும் இருந்தால் போதும். வீட்டுமனை, பாதை, தெருவிளக்கு எல்லாவற்றையும் அதே தாளில் சேர்த்தால் மனு எந்தத் துறைக்கும் போகாமல் சுற்றும். இரண்டு நகல் எடுத்துப் போங்கள், மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போக முடியாதவர்களுக்கு 1100 எண் இருக்கிறது.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டி, 'இன்ன தேதியில் கொடுத்த இன்ன எண் மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தருக' என்று பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பல சமயம் பதிலுக்கு முன்னால் காரியமே முடிந்துவிடும். இந்தச் சட்டமும் மேலே பேசிப் பேசி வந்ததுதான். 1994ல் ராஜஸ்தானில் அருணா ராய் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற கூலிக்காரர், விவசாயிகள் அமைப்பு கிராமத்து நடுவில் பொது விசாரணை வைத்து, ஊராட்சிச் செலவுக் கணக்கை உரக்கப் படித்துக் காட்டியது. செத்தவர் பெயரிலும் கட்டாத கட்டடத்துக்கும் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது. கூலிக்காரர்களின் அந்தக் கோரிக்கை 2005ல் நாட்டுக்கே சட்டமானது. தமிழ்நாடு 1997லேயே தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, ஆனால் பல்லில்லாத சட்டம்.

6. ஒரு ஆயாவை ஒரு பட்டியலாக்குங்கள்

இங்கேதான் தொண்டும் லாபியும் சேருகின்றன. அந்த ஆயாவுக்கு அரிசி வாங்கிக் கொடுத்ததோடு நின்றிருந்தால் அது நல்ல காரியம், அவ்வளவுதான். நாங்கள் கைரேகை விழாதவர்கள் பெயரைத் தனிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். கட்டம் ஐந்து: ஊர், கடை, வயது, செய்த வேலை, திரும்பி வந்த தேதிகள். மூன்றாவது ஊரை முடித்தபோது ஒன்று புலப்பட்டது. சூளையிலும் சுண்ணாம்பிலும் வேலை செய்தவர்கள், பாத்திரம் தேய்த்தே வயதானவர்கள், திரும்பத் திரும்ப இவர்கள்தான். ரேகை தேயும்படி உழைத்தவர்களுக்கே அரிசி மறுக்கப்பட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, இயந்திரத்தை வைத்தவர்கள் அந்த விரல்களைப் பார்த்ததில்லை. வட்ட வழங்கல் அலுவலரிடம் ஒரு ஆயாவைப் பற்றிச் சொன்னால் 'கடைக்காரர்ட்ட சொல்றேன்' என்பார். கடைவாரியாகப் பட்டியலைக் கொடுத்தபோது உட்காரச் சொன்னார்.

பட்டியலில் பெயர் இருக்கட்டும், ஆனால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆதார் நகலைப் படமெடுத்து அனுப்பவே அனுப்பாதீர்கள். யாருடைய புகைப்படத்தையும் அவர் சம்மதமில்லாமல் அறிக்கையில் போடக் கூடாது. அழுகிற முகம் கேட்கும் நன்கொடையாளர்கள் உண்டு. அந்த ஆயாவிடம் ஒரு முறை கேட்டேன். "நல்ல பொடவை கட்டிக்கிட்டு வரேன், அப்ப எடு" என்றார். அப்படியே எடுத்தோம்.

7. மேலே பேசுவது

கீழிருந்து தொடங்குங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை வந்திருக்க வேண்டும். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பாருங்கள், அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புத்தகத்தில் ஏறாத பேச்சு டீ ஆறுவதற்குள் ஆறிவிடும். நான்கைந்து ஊராட்சிகளின் தீர்மான நகல்களோடு வட்டார வளர்ச்சி அலுவலரையோ ஆட்சியரையோ பார்ப்பதும், வெறுமனே போய்ப் பார்ப்பதும் ஒன்றல்ல.

சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க நல்ல நேரம் காலை ஏழு மணி, அவர் வீட்டில். பொன்னாடை வேண்டாம். நான்கு நிமிடம் கிடைக்கும். ஒரே தாள்: மேலே பிரச்சினை இரண்டு வரி, நடுவில் அவர் தொகுதியிலேயே இருக்கும் ஊர்களின் பெயரும் எண்ணிக்கையும், கடைசியில் அவர் செய்ய வேண்டியது. 'உதவி செய்யுங்கள்' என்று முடித்தால் 'கண்டிப்பா' என்பார், நீங்களும் வந்துவிடுவீர்கள். 'உணவுத் துறை மானியக் கோரிக்கையில் இதைக் கேளுங்கள்' என்று கேளுங்கள். மானியக் கோரிக்கை என்பது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் விவாதம். உதவியாளரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், இனி உங்களுக்கு முக்கியமானவர் அவர்தான். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பேரிடமும் அதே தாளைக் கொடுங்கள். சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கு வரும், அதையும் விடாதீர்கள்.

நேரம் தப்பினால் எல்லாம் வீண். பட்ஜெட் வந்த பிறகு பட்ஜெட் கோரிக்கையோடு போவது முகூர்த்தம் முடிந்து மண்டபத்துக்குப் போவது போல. பிப்ரவரி, மார்ச்சில் பட்ஜெட் என்றால் அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே துறைக்குக் கடிதம் போயிருக்க வேண்டும். ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், தமிழிலேயே கிடைக்கும். சலிப்பான புத்தகம்தான். ஆனால் போன ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள் என்று அதில் இருக்கும். அவர்கள் எண்ணையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்வதைவிட நல்ல வாதம் இல்லை.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக ஒரு தனி வாசல் உண்டு, பலருக்குத் தெரியாது. மத்திய அரசுத் திட்டங்களை மாவட்ட அளவில் கண்காணிக்க 2016லிருந்து திஷா குழு என்று ஒன்று இருக்கிறது. தலைவர் எம்.பி. தொண்டு நிறுவனப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் மாவட்டத்தில் அது யார் என்று விசாரித்து, அடுத்த கூட்டத்தில் உங்கள் பட்டியலை வைக்கச் சொல்லுங்கள்.

எம்.பி.யிடம் பேச எப்போதும் கையில் இருக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 1995ல் 75 ரூபாயில் தொடங்கி, 2006ல் 200 ஆனது. இத்தனை ஆண்டுகளில் அரிசி, பருப்பு, பஸ் கட்டணம் எல்லாம் ஏறியும் அந்த 200 அப்படியே நின்றது. மீதியைப் போடுவது மாநிலம். இன்னொன்று: 2013ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எத்தனை பேருக்கு என்ற உச்சவரம்பு 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. 2021ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அதனால் நாடு முழுக்க 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரேஸும் ரீதிகா கேராவும் 2020ல் கணக்குக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் என்பதால் நமக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போகலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். போகலாம், ஆனால் கடைசியில். 2001ல் ராஜஸ்தானில் பஞ்சத்தில் ஜனங்கள் பட்டினி கிடக்க, இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் மக்கிக்கொண்டிருந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி, அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு வந்தது. 1982லிருந்து சத்துணவு போட்டுக்கொண்டிருந்த தமிழ்நாடு கண்ணெதிரே இருந்ததால் 'நடக்காத காரியம்' என்று எவராலும் சொல்ல முடியவில்லை. வழக்கு ஜெயித்ததோடு வேலை முடியவில்லை. உத்தரவை ஒவ்வொரு மாநிலத்திலும் நடைமுறைக்குக் கொண்டுவர உணவு உரிமை இயக்கத்தினர் வருஷக்கணக்கில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தார்கள்.

8. ஆடு கொடுப்பதற்கு முன்

அரிசியும் உதவித்தொகையும் வந்தபிறகு சிலர் தாமாகவே எழுந்துவிடுவார்கள். சிலருக்கு ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கும். வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் தன் சிறுகடன் கடைசி ஏழைகளைத் தொடவில்லை என்பதைக் கண்டு, 2002ல் வேறு வழி பிடித்தது. ஒரு மாடோ சில ஆடுகளோ இலவசம், கொஞ்ச நாளைக்குச் சாப்பாட்டுப் பணம், வாராவாரம் வந்து பார்க்க ஒரு ஆள், சேமிப்புப் பழக்கம். ஏறக்குறைய இரண்டு வருஷம். மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற நிறுவனம் இதைச் செய்தது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஆராய்ந்ததில், திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் பலன் நின்றது தெரிந்தது. முடிவு 2015ல் வெளியானது. ஹோண்டுராஸில் மட்டும் நிறையப் பேர் கோழி வாங்கினார்கள், கோழிகள் நோய் கண்டு செத்துப்போயின. எதைக் கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், நன்கொடையாளரைக் கேட்டு அல்ல.

பக்கத்தில் பார்க்கக் கேரளம் இருக்கிறது. 2021லிருந்து உள்ளாட்சிகள் மூலம் 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்து, குடும்பத்துக்கு ஒன்றாகத் தனித்தனித் திட்டம் போட்டார்கள். ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு ரேஷன் அட்டை மட்டும். 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் எங்கே என்ற கேள்வியும் உடனே எழுந்தது, எழத்தான் வேண்டும். அந்தக் குடும்பவாரித் திட்டத்தின் படிவத்தை மட்டுமாவது பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

9. திரும்பப் போங்கள்

'பார்க்கிறேன்', 'வாங்கித் தரேன்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 'மனு போடுவோம், இன்ன தேதிக்கு வந்து என்ன ஆச்சுன்னு சொல்றேன்' என்பதுதான் நீங்கள் தரக்கூடிய வாக்கு. அதிகாரிகள் கைவிரித்திருந்தாலும் அந்தத் தேதியில் போய்ச் சொல்ல வேண்டும்.

ஆயாவுக்கு ஜனவரியில் அரிசி வந்தது, கருவிழியைப் படமெடுத்து. பொங்கலுக்கு முந்தின வாரம் போனபோது, முறத்தில் புடைத்துக்கொண்டே, "கண்ண முழிச்சுப் பார்க்கச் சொன்னான், முழிச்சேன், குடுத்தான்" என்று சிரித்தார். பிப்ரவரியில் மறுபடி போனேன். அரிசிப் பானை மூடியிருந்தது. "கண்ணு பாக்கற மெஷினு ரிப்பேராம்" என்றார். என்றைக்குப் போனார், கடையில் யார் இருந்தார்கள் என்று கேட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.